முதியோருக்குக் காப்பீட்டு ஆலோசனை: செலவை அரசே ஏற்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுபது வயது நிரம்பிய அனைவருக்கும், வருமான வரம்பு பாராமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீட்டை ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு ஓய்வூதியர்களுக்குத் தனித் திட்டம் உண்டு. இவை போக, தனியார் நிறுவனங்களின் பாலிசிகள். திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவற்றுள் தமக்குரியது எது, ஒன்று இருந்தால் மற்றொன்றும் கிடைக்குமா, கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்பதையெல்லாம் ஒரு முதியவர் அருகில் அமர்ந்து பொறுமையாக விளக்க, எதையும் விற்கும் நோக்கமில்லாத ஒருவர் நம் ஊர்களில் இல்லை.

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் 3 லட்சம் ரூபாய்க்குத் தனியார் பாலிசி வைத்திருந்தார். குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்குச் சேர்ந்தபோது நாளொன்றுக்கு 6,000 ரூபாய் வாடகையுள்ள அறையை ஒதுக்கினார்கள். பாலிசியில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய். வித்தியாசத்தை மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்று அவர் நினைத்திருந்தார். ஆனால் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் ஆகியவற்றிலும் அதே விகிதத்தில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நிறுவனம் பணம் கொடுத்தது. ஒப்பந்தப்படி அது சரிதான். அந்த ஒப்பந்தம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பக்கம் பக்கமாக இருக்கிறது. குறைந்த வாடகை அறையைக் கேளுங்கள் என்று முகவரும் சொல்லவில்லை, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலும் சொல்லவில்லை. அவருடைய மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அண்மையில் நல்ல மாற்றங்கள் சிலவற்றைச் செய்திருக்கிறது. பாலிசி எடுக்கும்போதே இருக்கும் நோய்களுக்குக் காப்பீடு கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டுள்ளது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் நிறுவனங்கள் முன்கூட்டியே ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. நிராகரிக்கப்பட்ட கோரிக்கை குறித்து, ஓராண்டுக்குள், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். யாருக்காக இந்த விதிகள் வந்தனவோ அவர்களில் பலருக்கு இவை இருப்பதே தெரியாது. 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது என்பார்கள். அது பயனுள்ளதுதான், ஆனால் பாலிசிப் பத்திரத்தை மேசைமேல் விரித்து, வரிவரியாகப் படித்துச் சொல்லும் வேலையைத் தொலைபேசியில் செய்ய இயலாது.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இதற்கென்று ஒரு ஏற்பாடு உருவானது. மத்திய அரசின் நிதியில், எல்லா மாநிலங்களிலும், மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டைப் பெறும் முதியோருக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள், அவர்களுள் தன்னார்வலர்கள் பலர், இலவசமாக வழிகாட்டுகிறார்கள். அவர்கள் எந்தக் காப்பீட்டையும் விற்பதில்லை. 2017இல் அந்த நிதியை அடியோடு நிறுத்த அதிபரின் வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தபோதும், நாடாளுமன்றம் அதை ஏற்காமல் நிதியைத் தொடர்ந்தது.

நம் நாட்டில் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு விடை இருக்கிறது. 2015ஆம் ஆண்டு நிதிச் சட்டம் மூத்த குடிமக்கள் நல நிதியை ஏற்படுத்தியது. காப்பீட்டு நிறுவனங்களிடம் பத்தாண்டுகளுக்கு மேலாக யாரும் கேட்காமல் கிடக்கும் பாலிசிதாரர் பணமும் அந்த நிதிக்குத்தான் போய்ச் சேருகிறது. தமக்கு வரவேண்டிய பணம் இருப்பதே தெரியாமல் போன குடும்பங்களின் பணமும் அதில் இருக்கும். முதியோருக்குக் காப்பீட்டைப் புரியவைக்க அதில் ஒரு பங்கைச் செலவிடுவதைவிடப் பொருத்தமான பயன் எனக்குத் தோன்றவில்லை.

முதற்கட்டமாக மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஆலோசகர் ஒருவரை நியமிக்கலாம். ஓய்வுபெற்ற காப்பீட்டு ஊழியர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுத்தால் தகுதியானவர்கள் கிடைப்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் பணியாளர்கள், உதவி தேவைப்படும் முதியோரை அங்கே அனுப்பிவைக்கலாம். ஒரு நிபந்தனையை மட்டும் அரசு தளர்த்தவே கூடாது: ஆலோசகரின் ஊதியம் முழுவதும் பொதுநிதியிலிருந்து வர வேண்டும், எந்தக் காப்பீட்டு நிறுவனமும், எந்த மருத்துவமனையும் அவருக்கு ஒரு ரூபாய்கூடத் தரக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திருநெல்வேலி