வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் செயற்குழுவும் வழக்கம்போல் நடந்தன. நூலகத்துக்குச் சில புத்தகங்கள் சேர்ந்தன.

‘பண்பாடு, தொழில்நுட்பம், போராட்டம்’ என்ற தொடர் உரையாடலைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். “உலகப் பிரச்சினையெல்லாம் நமக்கு எதற்கு?” என்று சிலர் கேட்டார்கள். 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸில் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் உயிர்விட்டதை 17 வயதுப் பெண் ஒருவர் கைபேசியில் பதிவு செய்தார். நாடு நாடாக மக்கள் தெருவில் இறங்கினார்கள். மியான்மரில் ரோஹிங்கியா என்ற சிறுபான்மை முஸ்லிம் மக்கள் மீதான வெறுப்பும் கைபேசி வழியாகத்தான் பரவியது. அதில் ஃபேஸ்புக்குக்குப் பங்கு உண்டு என்று ஐ.நா. உண்மை அறியும் குழு 2018இல் சொன்னது. அந்தக் கருவி நம் எல்லார் கையிலும் இருக்கிறது. அப்படியிருக்க, நமக்குச் சம்பந்தமில்லை என்று எப்படி ஒதுங்குவது?

அதிகம் பேசப்பட்டது, அமெரிக்காவின் மான்ட்கமரி நகரில் இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏற மறுத்த புறக்கணிப்பு. 1955 டிசம்பரில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதான இரவே, ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை சைக்ளோஸ்டைல் எடுத்தார். சேதி உடனே பரவிவிட்டது. ஆனால் அப்புறம் 381 நாள் அதைத் தாங்கியவை தேவாலயக் கூட்டங்கள், அங்கே பாடிய பாட்டுகள், கையேந்தி வாங்கிய நிதி, சொந்தக் கார்களில் அண்டை அயலாரை வேலைக்குக் கொண்டுபோய் விட்டவர்கள். இதை நம் உறுப்பினர்கள் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்காகத்தான் தொடரை விடாமல் நடத்தினேன்.

வருகைப் பதிவேடோ வருத்தம் தருகிறது. வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போட்டதும் கட்டைவிரல் குறிகள் வரிசையாக விழுகின்றன. கூட்டத்துக்கு அதில் பாதிப்பேர்கூட வருவதில்லை. பாலியல் வன்முறைக்கு எதிராக டரானா பர்க் என்ற அமெரிக்கப் பெண் 2006இல் தொடங்கிய ‘மீ டூ’ இயக்கம் உலகின் காதில் விழ 2017 வரை ஆனது. அத்தனை காலம் அவர் செய்த வேலையைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டவர்கள், அன்று தகவல்கூடச் சொல்லாமல் நின்றுவிட்டார்கள்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருந்தன. சிறு பற்றாக்குறையை நிர்வாகிகள் சிலர் ஈடுகட்டினார்கள். விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி பலரிடம் நிற்கிறது, சிலரிடம் இரண்டு ஆண்டுகளாக.

தலைவர், பொருளாளர், இடம் தந்து உதவியவர்கள், நாற்காலி எடுத்துப்போட்ட இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பருவநிலைப் போராட்டங்களை எடுத்துக்கொள்ள எண்ணம். 2018இல் பள்ளி மாணவி கிரெட்டா துன்பெர்க் ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் தனியாக உட்கார்ந்ததிலிருந்து தொடங்கலாம். சரி, இப்போதைய வருகையையும் வசூலையும் வைத்து மாதம் ஒரு கூட்டம் நடத்த முடியுமா என்பதை உறுப்பினர்கள்தான் சொல்ல வேண்டும். உரையாடலை நடத்த முன்வருவோர் இன்றே பெயர் தரலாம். பொருளாளர் கூட்டம் முடியும்வரை இங்கேதான் இருப்பார்.

செயலாளர்