பழைய காருக்கு ஒரு பம்ப் விட்டுவையுங்கள்

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று முடிவு செய்யும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் (ஒரு வகை ஆல்கஹால்) கலப்பது பற்றி 2025 ஆகஸ்டில் நீங்கள் தந்த விளக்கத்தைப் படித்தோம். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் மாற்ற வேண்டி வரலாம், செலவு அதிகமில்லை, வழக்கமான சர்வீஸிலேயே முடிந்துவிடும் என்றிருந்தது. தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டிக்கு அது பொருந்தலாம். இதே சென்னையில் செய்த பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் இன்று வருடத்துக்கு 300 கிலோமீட்டர் ஓடினாலே பெரிய விஷயம். உங்கள் கணக்குப்படி அதன் ரப்பர் 66 வருடம் தாங்கும். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

பழைய கார் ஓடிக் கெடுவதில்லை, நின்றுதான் கெடுகிறது. இது ஒன்று புரிந்துவிட்டால் எங்கள் கோரிக்கையும் புரிந்துவிடும்: மாவட்டத்துக்கு ஒரு பங்க்கில், ஒரே ஒரு பம்பில், எத்தனால் கலக்காத பெட்ரோல்.

அந்தக் கால டேங்க் மூடியில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை உண்டு. பகல் சூட்டில் ஆவி வெளியேறும். ராத்திரி டேங்க் குளிர்ந்ததும் வெளிக்காற்று உள்ளே வரும், நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தோடு. வெறும் பெட்ரோலில் தண்ணீர் ஒட்டாது. சேர்ந்த சில சொட்டு அடியில் தனியாகக் கிடக்கும், ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தில் கண்ணுக்கே தெரியும், கழற்றிக் கொட்டினால் வேலை முடிந்தது. எத்தனாலோ ஈரத்தை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். அளவு மீறியதும் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கும். இஞ்சினுக்கு உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அங்கேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அசையாமல் நின்ற வண்டியை மார்கழியில் ஸ்டார்ட் செய்தால், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு முதலில் போவது அந்தத் தண்ணிச் சாராயம்.

அது போகிற வழியெல்லாம் வேலை காட்டும். டேங்கின் உட்புறம் ஈயமும் வெள்ளீயமும் பூசிய தகடு. பூச்சு போய்த் துரு பிடிக்கும். கார்புரேட்டர் துத்தநாகக் கலப்பு வார்ப்பு. அதில் வெள்ளைப் பொடி பூக்கும். எத்தனால் நல்ல கரைப்பானும்கூட என்பதால் பல வருடப் பிசினை வேறு கிளப்பிவிடும். எல்லாம் வந்து நிற்கிற இடம் ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை. சோலெக்ஸ் கார்புரேட்டரில் 120 என்று எண் போட்ட மெயின் ஜெட்டின் துளை 1.2 மில்லிமீட்டர், வண்டி நிற்கும்போது இஞ்சினை ஓட வைக்கும் ஐடில் ஜெட்டின் துளை அதில் பாதிகூட இல்லை.

டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்க காருக்குள்ளேயே ஒரு பம்ப் உண்டு; அதன் டயஃப்ரம் (சவ்வு) விறைத்து விரிசல் விட்டால் இன்னும் மோசம். பெட்ரோல் வெளியே சொட்டாமல் இஞ்சின் ஆயிலுக்குள் இறங்கலாம். ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்கள்: பெட்ரோல் வாடை அடிக்கும், லெவல் குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும். அந்த நிலையில் ஓட்டினால் பேரிங் போகும். பழைய ரப்பர் ஹோஸ் உப்பி, கிளிப் ஓரத்தில் கசிந்து, இஞ்சினின் சூடான புகைக்குழாயான மேனிஃபோல்டின் மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

முடிந்ததை நாங்களே செய்துகொண்டுதான் இருக்கிறோம். எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பர் ஹோஸ், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வுக்கு விட்டான் முனை, கார்க் ஃப்ளோட்டுக்குப் (மிதவை) பதில் பித்தளை. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை மெலிந்து இஞ்சின் சூடேறுகிறது. புதிய காரில் சென்சார் அதைத் திருத்திவிடும்; இதில் இருப்பது ஸ்பேனர் மட்டும். எஸ்யூ கார்புரேட்டர் என்றால் ஜெட் நட்டை அதன் ஆறு பட்டைகளில் ஒன்றிரண்டு பட்டை கீழே இறக்க வேண்டும். சோலெக்ஸ் என்றால் ஒரு சைஸ் பெரிய ஜெட். ஆனால் எவ்வளவு எத்தனாலுக்கு என்று வைத்து ட்யூன் செய்வது? பல பம்புகளில் அளவே எழுதியிருப்பதில்லை. அளவு ஜாடியில் 100 மில்லி பெட்ரோலும் 20 மில்லி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தால், அடி அடுக்கு 40 மில்லியை ஒட்டி வந்தால் 20 சதவீதம். கார் வைத்திருப்பவன் கெமிஸ்ட்ரி லேபும் வைத்திருக்க வேண்டும் போல. (இதே முறையில் டேங்க் கணக்கில் எத்தனாலைப் பிரிக்கச் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். பெட்ரோல் இஞ்சினில் நேரம் தவறி வெடிக்காமல் காக்கும் ஆக்டேன் அளவு இறங்கும், தீ அபாயம் வேறு, தயவுசெய்து வேண்டாம்.)

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி ‘விஏ’ என்ற விண்டேஜ் வண்டிப் பதிவு உண்டு: 20,000 ரூபாய், 10 வருடத்துக்கு. பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் வடிவில் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஓர் இலாகா; பாகங்களை மாற்றிக்கொள் என்கிறது இன்னொன்று. எங்கே போய் மாற்ற? சென்னையின் பழைய பொருள் சந்தையான மூர் மார்க்கெட் 1985லேயே எரிந்துபோனது. உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் டயஃப்ரத்தைக் கையில் வாங்கியதும் எந்த வண்டி, எந்த வருஷம் என்று சொல்லும் பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கிடைக்கும் ‘புது’ கிட்டும் பல நேரம் 30 வருடமாக டப்பாவில் கிடந்த அதே பழைய ரப்பர்.

கரும்பு விவசாயிக்கு வரும் பணத்தையோ, இறக்குமதி குறைவதையோ நாங்கள் எதிர்க்கவில்லை. 2021 செப்டம்பரில் பிரிட்டன் 10 சதவீதத்துக்கு மாறியபோது, பழைய வண்டிகளை நினைத்து 5 சதவீதக் கலவையை சூப்பர் பெட்ரோலில் விட்டுவைத்தது. இங்கே எத்தனால் இல்லாத 100 ஆக்டேன் பெட்ரோலைப் போட்டுக்கொள் என்கிறார்கள். கம்ப்ரஷன் ரேஷியோ (அழுத்த விகிதம்) 7, 8 மட்டுமே உள்ள இஞ்சினுக்கு அவ்வளவு ஆக்டேன் எதற்கு? விலையோ மிக அதிகம். பெரிய நகரம் தாண்டினால் எளிதில் கிடைப்பதுமில்லை.

ஆகவே மறுபடியும் பணிவோடு: மாவட்டத்துக்கு ஒரு பம்ப், எத்தனால் இல்லாத சாதாரணப் பெட்ரோல், நியாயமான கூடுதல் விலையில். மற்ற எல்லா பம்புகளிலும் கலப்பு சதவீதம் தெளிவாக எழுதியிருக்கட்டும். ‘விஏ’ வண்டி எதற்கெல்லாம் ரோட்டுக்கு வரலாம் என்ற உங்கள் பட்டியலிலேயே பெட்ரோல் போட வருவதும் இருக்கிறது. வருகிறோம், எந்த பங்க் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார்களைப் பராமரிப்பவர்கள்