வெட்டாமல் கிடந்த துணிகள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடையிலிருந்து வந்து, மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, "எனக்கு மட்டும் ஏன் பெரியம்மா எதுவுமே தொடர்ந்து வரமாட்டேங்குது?" என்று கேட்டாய். கையில் முகூர்த்த ஆர்டர் இருந்தது. "எல்லாம் சரியாயிரும் தாயி, காபியைக் குடி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினால் உன் அம்மா அதையே வைத்து உன்னைத் திட்டுவாள். அதனால் பேர் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

முதலில், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்க நீ போட்ட அந்த டைம்டேபிள். நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவில் போட்டிருந்தாய். காலை 4.30-க்கு எழுந்திருப்பதில் ஆரம்பித்து ராத்திரி 10 மணி வரைக்கும் ஒவ்வொரு அரைமணிக்கும் ஒரு கட்டம். அழகாகத்தான் இருந்தது. நானும் போட்டிருக்கிறேன், பில் புக்கின் பின்பக்கத்தில். போட்டு முடித்ததும் பாதி வேலை முடிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வரும் பார், அந்த நிம்மதிக்காகத்தான் அதைப் போடுகிறோம். மறுநாள் 4.30-க்கு அலாரம் அடிக்கும்போது அந்த நிம்மதி எங்கே போகும் என்று உனக்கே தெரியும்.

என் கதையை நீ முழுசாகக் கேட்டதில்லை. உன் அம்மாவுக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் கடையில் யார் எப்போது வந்து கேட்டாலும் என் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தைதான்: "நாளைக்கு." ஜாக்கெட் ரெடியா அக்கா? நாளைக்கு வாம்மா. இன்னும் கொக்கி கட்டலையா? நாளைக்கு. தையல்காரர் என்றாலே அப்படித்தான் என்று ஊர் சிரித்துக்கொண்டு போய்விடும், அதனால் எனக்கும் உறைக்கவில்லை. சித்திரைத் திருவிழா வந்தால்தான் மாட்டிக்கொள்வேன். திருக்கல்யாணத்தன்று தாலிக்கயிறு மாற்றும்போது புதுப்புடவை கட்ட வேண்டும், அழகர் ஆற்றில் இறங்கும்போது ஒன்று கட்ட வேண்டும். பங்குனியில் கொடுத்த துணியெல்லாம் ஒரே வாரத்தில் தலையில் விழும்.

அந்த வருஷம் எதிர்சேவை, மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் நாள், அன்று காலை. மூன்றுமாவடி தாண்டி அழகர் புதூருக்குள் வந்துகொண்டிருக்கிறார். நம் தெருமுனையில்தான் மெயின் ரோடு, கொட்டுச் சத்தம் கடைக்குள் கேட்கிறது. நான் உள்ளே உட்கார்ந்து ஒரு அம்மாவுக்குக் கொக்கி கட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது கொக்கியைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், கூட்டத்தின் முதுகுக்கு மேலே குடை மட்டும் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அழகர் கோவில் ரோட்டிலேயே இருக்கிறவள், வீட்டு வாசலுக்கு வந்த அழகரைப் பார்க்கவில்லை. அந்த அம்மா துணி கொடுத்து 23 நாள் ஆகியிருந்தது. பில் புக்கில் தேதி இருந்தது.

அப்புறம் என்ன, திருப்பரங்குன்றம் போய் முருகனிடம் சத்தியம் செய்தேன். இனிமேல் ஒரு துணியைக்கூடத் தேங்கவிட மாட்டேன் என்று. மூன்றாவது நாள் தவறியது. சாமியையும் ஏமாற்றிவிட்டோம் என்று வருத்தம் சேர்ந்துகொண்டது. வருத்தம் வந்தால் நான் என்ன செய்வேன்? போனை எடுப்பேன். அதில் "வெற்றியாளர்கள் காலையில் செய்யும் பத்து விஷயங்கள்" என்று ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். அதைப் பார்த்தே ஒரு மணி நேரம் போகும். அந்த மாதிரி வீடியோக்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

திருப்பம் வந்தது தற்செயலாக. ஒரு நாள் தேங்கிக் கிடந்த பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பாதி தைத்தது ஒன்றுகூட இல்லை. எல்லாமே வெட்டாத துணி. தைப்பதை நான் தள்ளிப்போட்டதே இல்லை பாப்பா, வெட்டுவதைத்தான் தள்ளிப்போட்டிருக்கிறேன். அதிலும் எது? புடவையோடு வந்த பட்டுத் துணி. தைத்தது தப்பினால் பிரித்து மறுபடி தைக்கலாம். கத்தரி பட்டுவிட்டால் பட்டதுதான். அரை இஞ்ச் உள்ளே போனால் அதே நிறத்தில் வேறு துணிக்கு விளக்குத்தூண் ஜவுளிக்கடை முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. வருஷக்கணக்காக நான் சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தது பயம்.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஃபுஷியா சிரோய், திமோத்தி பிச்சில் என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு கட்டுரையில் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தள்ளிப்போடுவது நேரத்தைச் சமாளிக்கத் தெரியாததால் வருவதைவிட, மனசைச் சமாளிக்கத் தெரியாததால் வருவது. ஒரு வேலையை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அந்தக் கலக்கம் இப்போதே போக வேண்டும் என்று வேலையை நகர்த்தி வைக்கிறோம். உடனே லேசாகிவிடுகிறது. அந்த லேசுதான் கூலி. கூலி கிடைத்த வேலையை மனசு மறுபடி மறுபடி செய்யும்.

உன் நோட்டைப் புரட்டிப் பார்த்தேனே, கோபித்துக்கொள்ளாதே. தமிழ்ப் பகுதி முழுக்க மஞ்சள், பச்சை என்று கோடு. வரலாறும் அப்படியே. கணக்கு நோட்டில் மூன்று பக்கம். குரூப் 4-ல் 200 கேள்வி, 100 தமிழ், 75 பொது அறிவு, மிச்சம் 25 திறனறிவு. கேள்விக்கு ஒன்றரை மார்க் என்றால் அந்த 25-க்கு 37.5 மார்க். அதுதான் தாயி உன் பட்டுத் துணி. நீ படிக்காமல் இல்லை. ஏற்கெனவே தெரிந்த செய்யுளையே எட்டாவது தடவை படிக்கிறாய். அது நான் சும்மா உட்கார்ந்து பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்ததற்குச் சமம். வேலை செய்த மாதிரியே இருக்கும்.

நான் செய்த மாற்றம் ஒன்றுதான், அதுவும் சின்னது. காலையில் காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, ஒரே ஒரு ஜாக்கெட்டை வெட்டுவது. இருப்பதிலேயே எது பயமாக இருக்கிறதோ அது. இரண்டாவது வெட்டலாம், வெட்டாமலும் போகலாம், கணக்கு இல்லை. ஆறு மணி, ஏழு மணி என்று நேரம் வைக்கவில்லை. நேரம் வைத்தால் 6.10 ஆகிவிட்டால் "சரி, இன்றைக்குப் போச்சு" என்று விட்டுவிடுவேன். டம்ளர் அப்படி இல்லை. எத்தனை மணிக்குக் காபி குடித்தாலும் டம்ளரைக் கழுவித்தான் ஆக வேண்டும். ராத்திரி படுக்கும் முன்பே துணியை மேசையில் விரித்து, அளவு ஜாக்கெட்டை மேலே போட்டு, சாக்பீஸையும் கத்தரியையும் பக்கத்தில் வைத்துவிடுவேன். காலையில் யோசிக்க ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. உனக்கு அது ஒரு கணக்காக இருக்கட்டும். தனிவட்டியோ, வேலையும் நேரமுமோ, ஒன்றே ஒன்று.

இனி போன். இதில் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். மிஷினில் தைக்கும்போது பாபின் நூல் தீர்ந்துவிடும். தீர்ந்தால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அப்போது தலையை நிமிர்த்துவேன், மணி பார்ப்பேன், தண்ணீர் குடிப்பேன். ரீல்ஸ் என்பது பாபின் தீராத மிஷின். முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்கு அழுத்த வேண்டியிருக்கும், நினைவிருக்கிறதா? நீ அப்போது சின்னப் பிள்ளை. பக்கம் முடியாமல் தானாக நீண்டுகொண்டே போகும் அந்த ஏற்பாட்டை 2006-ல் செய்தவர் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர். பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டு அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். செய்தவரே வருந்துகிற பொருளோடு ராத்திரி ஒரு மணிக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு வைராக்கியத்தால் மல்லுக்கட்டப் போகிறாயா?

நான் மல்லுக்கட்டவில்லை. போனை அடுப்படியில் அரிசி டிரம்முக்கு மேலே வைத்தேன். யாராவது கூப்பிட்டால் சத்தம் கேட்கும், எழுந்து போய் எடுக்கலாம். பொழுது போகாமல் கை தேடும்போது மட்டும் எட்டாது. முதல் வாரம் கை சும்மா சும்மா மிஷின் மேசையின் ஓரத்தைத் தடவியது. எனக்கே சிரிப்பு வந்தது. பழக்கம் என்பது மனசில் இருப்பதைவிடக் கையிலும் மேசை ஓரத்திலும்தான் அதிகம் இருக்கிறது.

இடத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒரு கதை. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அவர்கள் ஊர் திரும்பியபோது அரசாங்கம் பயந்துபோனது. லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் அவர்களைத் தேடித் தேடி விசாரித்தார். அடிமையாயிருந்தவர்களில், ஊர் வந்த முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். அந்த ஆட்கள், அந்த வெயில், அந்த முகாம், எதுவுமே வீட்டில் இல்லை. ஹெராயினுக்கே அப்படி என்றால் நம் போனுக்கு என்ன?

அதனால்தான் நத்தம் ரோட்டுக் கலைஞர் நூலகத்துக்குப் போகும் நாளில் நீ நன்றாகப் படிக்கிறாய். 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து உன்னைப் போலப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அங்கே நிறைந்து கிடக்கிறார்கள். அங்கே சுற்றி எல்லாரும் குனிந்திருப்பார்கள், நீயும் குனிவாய். வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும் பழைய ஆள். கட்டிலில் படிக்கவே படிக்காதே. மாடிப்படியில் உட்கார், யானைமலையைப் பார்த்துக்கொண்டு படி. கட்டில் தூங்குவதற்கு மட்டும். "நான் தூங்கா நகரத்துக்காரி" என்று ஸ்டேட்டஸ் போட்டிருந்தாய். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிய விடிய முழித்திருக்கிறவர்கள் பகலில் தூங்குகிறார்கள். நீ தூங்குவதே இல்லை.

எத்தனை நாளில் மாறும் என்று கேட்பாய். 21 நாள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியதிலிருந்து கிளம்பிய பேச்சு அது. அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் பார்த்தார், அவ்வளவுதான். முகம் பழகுவதும் கணக்குப் போடப் பழகுவதும் ஒன்றா? லண்டனில் ஃபிலிப்பா லாலி என்பவரும் கூட்டாளிகளும் 96 பேரை வைத்துப் பார்த்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக வர நடுவாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்கிற அளவுக்கு வித்தியாசம். எனக்குப் பிடித்தது அதில் வேறொன்று: நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இது பழக்கத்தைப் பிடிப்பதற்கான கணக்கு. விடுவதற்கு அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முழுசாக ஒரு ஆடி மாசமே கெட்டது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, துணி வரவில்லை, மேசையில் விரிக்க ஒன்றும் இல்லை, போன் தானாக அடுப்படியிலிருந்து மேசைக்கு வந்துவிட்டது. ஆவணி முதல் ஆர்டர் வந்த அன்று மறுபடி டிரம்முக்கு மேலே வைத்தேன். இந்தத் தடவை சத்தியமெல்லாம் செய்யவில்லை.

"நாளைக்கு" என்ற வார்த்தையையும் கடையில் நிறுத்திவிட்டேன். கிழமையும் மணியும் சொல்வேன். சொல்லவே பயமாக இருந்தால் துணியை வாங்க மாட்டேன். ஒன்றிரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

நீ பொங்கலுக்குக் கொடுத்த மாம்பழ மஞ்சள் துணி இத்தனை நாளாகப் பைக்குள்ளேயே இருந்தது. உன் துணிதானே, நீ ஒன்றும் சொல்லமாட்டாய் என்ற தைரியம். இன்று காலை டம்ளரைக் கழுவிவிட்டு அதைத்தான் வெட்டினேன், கழுத்து நீ கேட்ட மாதிரியே. தைத்துக் கொக்கி கட்ட வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள். கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு வா.

பெரியம்மா
கே.புதூர், மதுரை