பால் கணக்கு எழுதிய பாப்பா

ஆசிரியருக்கு வணக்கம்.

எல்.கே.ஜி. சேர்க்கை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டணம், விண்ணப்பம் எல்லாம் விவரமாக இருந்தது. சேர்ந்த பிறகு எழுத்து வேலையால் பிள்ளை படும் பாட்டையும் யாராவது எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். ஜூன் பிறந்தால் நாலு கோடு நோட்டு கட்டுக்கட்டாகப் போகும். விற்றால் எனக்குத்தான் லாபம்; இருந்தாலும் சொல்கிறேன்.

போன வாரம் ஒருவர் மகளோடு வந்தார். மூன்றரை வயது. தினமும் இரண்டு பக்கம் வீட்டுப்பாடமாம். "எழுத உட்கார்ந்தாலே அழுவுறா சார், பிடிக்கத் தோதா ஏதாவது பென்சில் இருக்கா?" என்று கேட்டு நோட்டைக் காட்டினார். பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடித்து அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது. மணிக்கட்டில் எட்டு எலும்புகள். அந்த வயதில் அவற்றில் சில இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். நான் எந்தப் பென்சிலை எடுத்துக் கொடுக்க?

அவர் காசு எடுக்கிற நேரத்தில், பேனா எழுதிப் பார்க்க மேசையில் போட்டிருக்கும் தாளில் அதே பாப்பா நெளிநெளியாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். என்னம்மா இது என்றேன். "பால் கணக்கு, தாத்தா." அம்மா காலண்டரில் குறிப்பதைப் பார்த்திருக்கிறாள். எழுத்து எதற்கு என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கோட்டுக்குத்தான் பள்ளியில் மார்க் கிடையாது.

என் பேரனும் அப்படித்தான். 'கடலூர் ஓ.டி.' (ஓல்ட் டவுன்) என்ற பஸ் பலகையைப் பார்த்துப் பார்த்து ஒருநாள், "நம்ம கடை போர்டுலயும் இதே மொத எழுத்து இருக்கே" என்றான். 'கடலூர்', 'கடை'. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ராத்திரி கதை கேட்பான், சில்வர் பீச்சுக்குப் போனால் மணலில் விரலால் கிறுக்குவான், அவ்வளவுதான்.

எங்கள் காலத்தில் ட, ப என்று நேர்க்கோட்டு எழுத்துகளில் ஆரம்பிப்பார்கள். இப்போது எடுத்த எடுப்பில் 'அ'. அதில் சுழி, வளைவு, கோடு மூன்றும் இருக்கிறதே, பிஞ்சுக் கை எப்படி வளையும்? விஜயதசமிக்குத் திருவந்திபுரத்தில் கல்விக் கடவுளான ஹயக்ரீவரைக் கும்பிட்டுவிட்டு அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறோம். சரி, அழகான வழக்கம். அப்புறம் மறுநாளே பென்சிலைத் திணிப்பானேன்?

தமிழக அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் இலக்கே, எட்டு வயதுக்குள் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்க வரவேண்டும் என்பதுதான். எட்டு வயது வரை அரசு பொறுக்கிறது, எல்.கே.ஜி.யில் நமக்குப் பொறுக்கவில்லை.

பெற்றோர் பள்ளியில் போய் எழுத்து வீட்டுப்பாடம் வேண்டாம் என்று கேட்கலாம். நாலு பேர் சேர்ந்து கேட்டால் காது கொடுப்பார்கள். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஞாயிறு இதழில் பத்து வரியில் ஒரு குட்டிக் கதை, பெரிய எழுத்தில் போடுங்கள். அப்பா அம்மா மடியில் வைத்து விரல் ஓட்டிப் படித்துக் காட்டட்டும். ராசிபலனுக்குக் கொடுக்கிற இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
ஸ்டேஷனரி கடைக்காரர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.