பணி நிறைவு விழாவில் சொல்லாமல் விட்ட நன்றிகள்

கல்லூரிச் சொந்தங்களுக்கும், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி பக்கத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

என் பணி நிறைவு விழாவில் பேசியவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். முதல்வரின் ராணுவக் கட்டுப்பாட்டால்தான் கல்லூரி ஒழுங்காக நடந்ததாம். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருப்பவன் எழுந்து மறுத்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் பேசாமல் இருந்துவிட்டேன். ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் அதிகாரியாக இருந்து லெப்டினன்ட் கர்னலாக வெளியே வந்தவனை மாணவனாக்கி, ஆசிரியனாக்கி, கடைசியில் முதல்வர் நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களில் பாதிப் பேர் அன்று மண்டபத்திலேயே இல்லை.

முதலில் என் முனைவர் பட்ட ஆய்வு நெறியாளர் அம்மையார். வயதில் என்னைவிட மிகவும் இளையவர். நான் எடுத்த தலைப்பு, காவிரிப் பாசனத்தில் ராணுவப் பொறியாளர்களின் பங்கு. ஒரு சாப்பருக்கு இதைவிட இனிப்பான தலைப்பு கிடைக்காது. 1804இல் கல்லணையை ஆய்வு செய்து உயர்த்தச் சொன்ன கேப்டன் கால்டுவெல், 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், எல்லோரும் நம்ம ஆட்கள் என்ற மிதப்பு வேறு. நில அளவைக்கு வந்த லாம்டனின் பெரிய தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) 1808இல் தஞ்சைப் பெரிய கோயில்மேல் ஏற்றும்போது அது மோதிச் சேதமானதையும், மனிதர் அசராமல் தானே உட்கார்ந்து அதைச் சரிசெய்ததையும் எப்படியாவது ஆய்வேட்டில் நுழைத்துவிட ஆசைப்பட்டேன். அடிக்குறிப்பில் நுழைத்தும் விட்டேன்.

முதல் இயலைப் படித்துவிட்டு அம்மையார் கேட்டார்: "சார், காட்டன் எழுதினதை வச்சே காட்டனைப் பாராட்டியிருக்கீங்க. மதகடியில நின்னவன் என்ன சொன்னான்?" ராணுவத்தில் முடிவை முதலில் எழுதி, காரணங்களைப் பின்னிணைப்பில் வைப்போம். அவரிடம் அது செல்லாது. யார் சொன்னது, எங்கே இருக்கிறது, யாராவது மறுத்திருக்கிறார்களா என்று வரிக்கு வரி கேட்பார். இப்போது எங்கள் வரலாற்றுத் துறைப் பிள்ளைகள் அதே கேள்விகளை என்னிடமே கேட்கிறார்கள். மேடம், அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்.

அந்த மதகடி ஆளைத் தேடித்தான் வெண்ணாற்றங்கரைக்குப் போனேன். லஸ்கராக, அதாவது மதகுகளைத் திறந்து மூடுகிற பாசனப் பணியாளராக, இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கிடைத்தார். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் வரைபடத்தை விரித்தேன், அவர் அதைச் சுருட்டி வைக்கச் சொன்னார். கொள்ளிடம் தாழ்வு, காவிரி மேடு, விட்டால் தண்ணீர் எல்லாம் கொள்ளிடத்தில் இறங்கிவிடும், காவிரியில் மணல்தான் மிஞ்சும் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு ஷட்டரைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கினால் கீழே எந்தக் கரை அரிக்கும், கடைமடைக்குப் போகிற தண்ணீரை வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர்கள் ராத்திரியில் எதைப் போட்டு மறிப்பார்கள் என்பதெல்லாம் அவர் வாயால் கேட்டது. மேலணை வந்த பிறகு காவிரிக்குள் தண்ணீர் கூடுதலாகப் பாய்ந்து ஆற்றுப்படுகையையே அரிக்கத் தொடங்கியது, அப்புறம் காவிரியின் குறுக்கேயும் ஒரு தடுப்பு போட வேண்டியதாயிற்று. கோப்புகளில் படித்தபோது பிடிபடாத இந்தச் சங்கதியை, வயல் வாய்க்காலில் மண்வெட்டியால் ஒரு மடையை வெட்டி அவர் கண்முன்னே காட்டினார். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த நாட்டுக்காரர்களிடம்தான் கற்றோம் என்று காட்டனே எழுதியிருக்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்தில் நானும் சேர்ந்தேன், கொஞ்சம் தாமதமாக. 2018 ஆகஸ்டில் மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் போனபோது எனக்கு முதலில் போன் செய்தவரும் அவர்தான். "சார், உங்க காட்டன் அணை போச்சு" என்றார், துக்கம் சொல்கிற குரலில்.

சரஸ்வதி மகால் நூலகத்தில் மராத்தியர் காலத்து மோடி எழுத்து (மராத்தியை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்துமுறை) ஆவணங்களை எனக்குப் படித்துச் சொன்னவருக்கு அடுத்த நன்றி. அந்த எழுத்தைத் தடுமாறாமல் படிக்கக்கூடியவர்கள் இன்று மிகக் குறைவு. முந்தின நாள் படித்த ஒரு சொல்லில் சந்தேகம் வந்து, மறுநாள் தானே என்னைத் தேடி வந்து திருத்திக் கொடுத்தார். என் ஆய்வேட்டில் யாராவது பாராட்டுகிற பகுதி ஏதாவது இருந்தால், பாதிக்கு மேல் அவர் படித்துச் சொன்னதிலிருந்து வந்தது.

இனி கல்லூரி. அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மா இல்லையென்றால் முதல் வருஷமே நான் ஓடியிருப்பேன். அரசாணைகளை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொடுத்தவர் அவர். அதைவிடப் பெரிய பாடம் ஒன்றும் உண்டு. "ஜூன் 12க்கு மேட்டூர் திறக்கலைன்னா குறுவை போச்சு சார். அந்த வருஷம் பிள்ளைங்ககிட்ட பணம் இருக்காது. கடைசித் தேதியை சம்பா அறுவடைக்கு அப்புறம் வைங்க." நிர்வாகக் குழுவில் இதைச் சொல்லி வாங்கியது நான், யோசனை முழுக்க அவருடையது. கட்டணம் கட்ட முடியாமல் நின்றுபோகிற பிள்ளைகள் குறைந்ததற்குக் காரணம் எந்தக் கட்டுப்பாடும் இல்லை, அந்தத் தேதிதான்.

கஜா புயலைப் பற்றியும் விழாவில் நிறையப் பேசினார்கள். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கத்துப் பிள்ளைகளின் வீட்டுத் தென்னைகள் சாய்ந்துவிட்டன, போன் கிடைக்கவில்லை, விடுதி முழுக்க அழுகை. முதல்வர் ராணுவ பாணியில் செயல்பட்டார் என்றார் ஒருவர். நான் செய்தது லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டது. யாரும் சொல்லாமலே அடுப்பைப் பற்ற வைத்தவர் விடுதிச் சமையல்கார அண்ணன். மரம் கிடந்த சாலைகளில் இறங்கி வெட்டி வெட்டிப் பேருந்தை ஓட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கியவர் ஓட்டுநர் தம்பி. இரண்டு பேருக்கும் மேடையில் ஒரு துண்டுகூடப் போடவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு, அதை இங்கே எழுதியே வைக்கிறேன்.

வீட்டம்மாவுக்கு என்ன சொல்வது? இடமாற்றம் எல்லாம் முடிந்து ஊரோடு உட்காரலாம் என்று இருந்தவருக்கு வீடு முழுக்கக் காகிதக் கட்டைக் கொடுத்தேன். பொறுத்துக்கொண்டார்.

என் களக் குறிப்பேடுகள், மதகுகளின் அளவுகள், மோடி ஆவணங்களின் தமிழாக்கப் படிகள் எல்லாவற்றையும் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், எடுத்துப் படிக்கலாம். சந்தேகம் இருந்தால் முன்பகல் வேளையில் நூலகத்தில்தான் இருப்பேன். வெண்ணாற்றுப் பெரியவரைப் பார்க்க வேண்டும் என்பவர்களை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அவரிடம் வரைபடம் மட்டும் எடுத்து வராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் முதல்வர்