பாலைவன ஊர்களில் டயாலிசிஸ்: செவிலியருக்கு வீடு கேட்டு மனு

அனுப்புநர்: டயாலிசிஸ் செவிலியர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
பெறுநர்: மாண்புமிகு ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் நலத்துறை அமைச்சர், கான்பரா

பொருள்: உள்ளூர் டயாலிசிஸ் நிலையங்களில் செவிலியர் குடியிருப்பு கட்டித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலியில் படித்தவள் நான். ஆறு வருடமாக இங்கே வேலை. என்னிடம் வாரம் மூன்று நாள் பூர்வகுடிப் பாட்டி ஒருவர் டயாலிசிஸுக்கு வருகிறார். சொந்த ஊர் மேற்கே, பல நூறு கிலோமீட்டர் தள்ளி. ஊசி குத்தும்போது முகம்கூடச் சுளிக்க மாட்டார். போன வருடம் தங்கை இறந்த துக்கத்துக்கு ஊருக்குப் போனார். இரண்டு முறை டயாலிசிஸ் தவறியது. மூச்சுத் திணறலோடு விமானத்தில்தான் திரும்பினார். அந்த இரண்டு நாளும் பதிவேட்டில் "நோயாளி வரவில்லை" என்று எழுதியது நான்தான்.

ஊரிலேயே டயாலிசிஸ் செய்யலாம் என்பதைப் பூர்வகுடி மக்களே காட்டிவிட்டார்கள். மேற்குப் பாலைவனத்துப் பூர்வகுடிகளான பிண்டுபி மக்கள் 2000-ல் தங்கள் ஓவியங்களை சிட்னியில் ஏலம் விட்டுப் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004-ல் அவர்கள் ஊரான கிண்டோரில் மெஷின் ஓடத் தொடங்கியது. அரசு கட்டவேண்டியதைப் படம் வரைந்து கட்டியிருக்கிறார்கள்! இதற்கென்று மெடிகேர், அதாவது அரசு மருத்துவக் காப்பீடு, தரும் கட்டணம் வந்தது 2018-ல்தான். பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் டயாலிசிஸ் நடந்தால்தான் அந்தப் பணம். செவிலியர் இல்லாமல் எப்படி நடக்கும்? வீடு இல்லாத ஊருக்குச் செவிலியர் எப்படிப் போவார்?

நானே போகத் தயாராக இருந்தேன். தங்க வீடு கேட்டதற்கு, "டீச்சர் காலி செய்தால் சொல்கிறோம்" என்றார்கள். பதினெட்டு மாதமாகிறது. டீச்சர் நல்லவர் போல, காலி செய்யவே இல்லை.

ஆகவே, டயாலிசிஸ் நாற்காலி உள்ள ஒவ்வொரு ஊரிலும் குறைந்தது இரண்டு செவிலியர் வீடுகள் கட்டித் தர வேண்டுகிறேன். ஒன்று போதாது, விடுப்பில் போனால் மாற்று ஆள் எங்கே தங்குவார்? அப்புறம், எந்த ஊரில் முதலில் என்பதை அதிகாரிகள் முடிவு செய்யாமல், பூர்வகுடி மக்களே நடத்தும் சுகாதார அமைப்புகளிடம் பல ஆண்டு நிதியாகவே கொடுத்துவிடுங்கள். அவர்கள் நடத்தும் அமைப்புகளை வலுப்படுத்துவோம் என்று பூர்வகுடி மக்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் 2020 தேசிய ஒப்பந்தத்தில் அரசு கையெழுத்திட்டிருக்கிறது. வீடு எழும்வரை, துக்கத்துக்கும் சடங்குக்கும் ஊர் போகிறவர்களுக்காக, நாற்காலி பொருத்திய டயாலிசிஸ் லாரிகளைக் கூட்டித் தரவும்.

ஆங்கில வடிவம் இணைத்துள்ளேன். மொழிபெயர்ப்பாளர் மூலம் பாட்டிக்கும் வாசித்துக் காட்டினேன். "நர்ஸ் வீட்டுக்கு ஏசி கேட்டாயா? இல்லாவிட்டால் ஓடிவிடுவார்கள்" என்றார். அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் செவிலியர்