டெட்ராய்ட் டாக்டரம்மா

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. தம்பி பேத்திக்கு மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததைப் படித்து எங்கள் இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். அதற்கு அடுத்த வரியிலேயே, இது புத்தூர்க் கட்டு மாதிரி எலும்பு வைத்தியமா, அமெரிக்காவில் வழக்கமான டாக்டர் பட்டமான எம்.டி.யைப் போட்டுக்கொள்ள முடியாத படிப்பு எதற்கு என்று வீட்டில் எல்லாரும் கேட்பதாக எழுதியிருக்கிறாய். இங்கே முப்பது வருஷத்துக்கு மேல் டி.ஓ. என்ற ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்ற மருத்துவர்களோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: தயங்காமல் அனுப்பச் சொல்.

இங்கிலாந்தில் ஆஸ்டியோபத் என்றால் கையால் மூட்டையும் தசையையும் சரிசெய்கிறவர், அவ்வளவுதான். அமெரிக்காவில் டி.ஓ. என்பது முழு டாக்டர். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், இதய மருத்துவமோ மனநல மருத்துவமோ எதிலும் போகலாம். 2020 முதல் எம்.டி., டி.ஓ. இரு தரப்புக்கும் மேற்பயிற்சி ஒரே அமைப்பின் கீழ் நடக்கிறது. வழக்கமான மருத்துவப் பாடங்களோடு, கையால் தொட்டுப் பார்த்துச் செய்யும் சிகிச்சையில் சுமார் 200 மணி நேரம் கூடுதலாகப் படிக்கிறார்கள். இதுதான் பெரிய வித்தியாசம்.

ஆனால் உன் தம்பி வீட்டாருக்கு விதிமுறையைச் சொல்வதைவிட ஒரு வாழ்க்கையைச் சொன்னால் மனதில் நிற்கும். பார்பரா ராஸ்-லீ என்ற அம்மாவைப் பற்றிச் சொல். அவரும் இதே கல்லூரியில் படித்தவர்தான்.

1942இல் டெட்ராய்ட்டில் பிறந்த கறுப்பினப் பெண், ஆறு பிள்ளைகளில் மூத்தவர். பாடகி டயானா ராஸ் இவருடைய தங்கை. வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே டாக்டராக ஆசை. ஆனால் அங்கே இவருக்கு வழிகாட்டியாக இருந்தவருக்குப் பெண்கள் டாக்டராவதில் நம்பிக்கை இல்லை; உடற்கூறியலை முதன்மைப் பாடமாக எடுக்கக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். 1965இல் உயிரியலும் வேதியியலும் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு, டெட்ராய்ட் பள்ளிகளில் டீச்சராகப் போனார். கல்யாணம், இரண்டு குழந்தைகள், விவாகரத்து. நம் ஊரில் இந்த இடத்தில், இனி என்ன இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள்.

1969இல் டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் பான்டியாக்கில் ஒரு ஆஸ்டியோபதி கல்லூரி தொடங்கியது. இவர் வீட்டை விற்றார், அம்மா வீட்டுக்குக் குடிவந்தார், பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கல்லூரியில் சேர்ந்தார். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அந்தத் தாயை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது. 1971இல் அந்தக் கல்லூரி மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் ஈஸ்ட் லான்சிங்குக்கு இடம் மாறி, அதன் பகுதியானது. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அமைந்த முதல் ஆஸ்டியோபதி கல்லூரி அதுதான். இவர் 1973இல் டாக்டராக வெளியே வந்தார். டி.ஓ.க்களுக்கு முழு உரிமம் தராமல் கடைசிவரை இழுத்தடித்த மிசிசிப்பி மாநிலமும் அதே வருஷம்தான் இறங்கிவந்தது. அதற்குப் பதினோரு வருஷம் முன்னால் கலிஃபோர்னியாவில் 65 டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு டி.ஓ.க்களை எம்.டி.யாக மாற்றி, அந்தத் தொழிலையே அங்கே இல்லாமல் செய்யப் பார்த்தார்கள். அவ்வளவு இளக்காரமாக இருந்த காலத்தில் இவர் அந்தப் பட்டத்தை வாங்கினார்.

பிறகு பத்து வருஷத்துக்கு மேல் டெட்ராய்ட்டிலேயே தனியாகக் குடும்ப மருத்துவம் பார்த்தார். அப்புறம் கற்பிக்கும் பக்கம் வந்து, மிச்சிகன் ஸ்டேட்டிலேயே குடும்ப மருத்துவத் துறைக்குத் தலைவரானார். 1991இல் ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் சுகாதாரக் கொள்கை ஃபெலோஷிப் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் டி.ஓ. இவர்தான். வாஷிங்டனில் செனட்டர் பில் பிராட்லியிடம் சுகாதார விஷயங்களைக் கவனித்தார். நோயாளியைப் பார்த்த கண்ணோடு சட்டம் எழுதுகிற இடத்தில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்?

1993இல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் ஆஸ்டியோபதி கல்லூரிக்கு டீன். அமெரிக்காவில் எந்த மருத்துவக் கல்லூரிக்கும் ஒரு கறுப்பினப் பெண் டீன் ஆனது அதுதான் முதல் தடவை. அந்தக் கல்லூரி ஏதென்ஸ் என்ற சின்ன ஊரில், வறுமை மண்டிய அப்பலாச்சிய மலைப்பகுதியை ஒட்டி இருக்கிறது. அங்கே பாடத்திட்டத்தையே மாற்றி எழுதி, பெண்கள் உடல்நலத்துக்கென்று தனிப் பாடமும் வகுத்தார். பிறகு நியூயார்க். எழுபதைத் தாண்டிய வயதில், 2016இல் ஆர்கன்சாவின் ஜோன்ஸ்போரோவில் புதிதாகத் தொடங்கிய கல்லூரிக்கும் டீனாகப் போனார். டாக்டர்கள் போக விரும்பாத இடங்களாகப் பார்த்துத்தான் இவர் வேலை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இந்த வைத்தியத்துக்கு ஆய்வு ஆதாரம் உண்டா என்றும் கேட்டிருந்தாய். ஆஸ்டியோபதியை உருவாக்கிய ஸ்டில் என்பவர் 1892இல் மிசூரியின் கர்க்ஸ்வில்லில் முதல் பள்ளியைத் தொடங்கியபோது, எலும்பு விலகி ரத்த ஓட்டம் தடைபடுவதே நோய்களுக்கு வேர் என்று நம்பினார். அந்தக் கொள்கை இன்று நிற்காது. மண்டையோட்டு எலும்புகளை மெல்ல அசைத்துக் குணப்படுத்துவதாகச் சொல்லும் முறைக்கும் தக்க ஆதாரம் இல்லை, பெண்ணிடம் இதை ஒளிக்காமல் சொல். முதுகுவலிக்கு அப்படி அல்ல. 1999இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில் 155 நோயாளிகள். கைச்சிகிச்சை பெற்றவர்களும் வழக்கமான வைத்தியம் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு குணமானார்கள், ஆனால் கைச்சிகிச்சைக்காரர்களுக்கு மாத்திரை குறைவாகத் தேவைப்பட்டது. வலி மாத்திரைக்கு அடிமையாகி இந்த நாடு பட்ட பாட்டைப் பார்த்தவனுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

பணம்தான் உண்மையான கவலை. நாலு வருஷக் கடன் பெரிய சுமை. மிச்சிகன்வாசிகளுக்குக் கட்டணம் குறையுமே, பெண் எந்த மாநிலக் கணக்கில் வருகிறாள் என்று முதலில் விசாரிக்கச் சொல். கல்லூரியின் மூன்று வளாகங்களில் எது கிடைத்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஈஸ்ட் லான்சிங் என்றால் எங்கள் வீட்டிலிருந்து கார்ப்பயணம் இருபது நிமிஷம். மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது, வாடகைப் பேச்சே எடுக்கக் கூடாது. பனிக்காலத்துக்கு வேண்டிய கோட்டு, பூட்ஸை ஊரிலிருந்து வாங்கி அனுப்பிவிடாதே, இங்கே பார்த்துக்கொள்கிறோம். அவளுடைய போன் நம்பரை மட்டும் உடனே அனுப்பு.

உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்